நடுவில் இல்லாத நட்சத்திரம்

இன்னும் பத்து நிமிடத்தில் முதல் நட்சத்திரம் வந்துவிடும், அதற்குள் இந்தப் பெட்டியின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று தணிகாசலம் அவசரப்பட்டார். அவசரப்பட வேண்டியதே இல்லை. இன்றைக்குச் சனிக்கிழமை, நாளைக் காலை ஐந்து பத்துக்குத்தான் ஓட்டுநர்கள் டியூட்டி எடுக்கிற லாபியில் கையெழுத்துப் போட்டு எஞ்சினில் ஏற வேண்டும், அதுவரை ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸின் இந்த மொட்டைமாடியும் இதற்கு மேலே இருக்கிற ஆகாயமும் அவருடையதுதான். ஆனாலும் இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டிய மனுஷனுக்கு நிமிஷக் கணக்கு ரத்தத்தில் ஊறிப் போகிறது, பல் தேய்ப்பதைக்கூட அவர் நேரம் பார்த்துத்தான் தேய்ப்பார், அதற்கு மனைவி புனிதவல்லி கேலி செய்யாத நாளில்லை. மூன்று கால் ஸ்டாண்டு, அதன்மேல் மோட்டார் வைத்த மவுண்ட், மவுண்டின் முதுகில் தொலைநோக்கியின் வெள்ளைக் குழாய், சுருள் வயரில் தொங்குகிற கைப்பெட்டி. நட்சத்திரத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் பூமி சுற்றுகிற சுற்றை ஈடுகட்டிக் குழாயும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வேலையை மவுண்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் நாம் இருப்பது எந்த ஊர், மணி என்ன, வடக்கு எந்தப் பக்கம் என்று பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் அதற்குச் சொல்ல வேண்டும். பிறகு அது காட்டுகிற இரண்டு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, பார்க்கும் கண்ணாடியிலுள்ள குறுக்குக் கோட்டில் சரியாக நிறுத்தி, ஆமாம் இதுதான் என்று பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான், அதன்பிறகு வானத்தில் எதைக் கேட்டாலும் அதுவே தேடிக் கொண்டுபோய் நிறுத்தும், கேமராவை மாட்டிவிட்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கண்ணால் பார்த்து. கையேட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரி வந்ததும் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

கையேட்டை எழுதியவன் குளிர் தேசத்துக்காரன். படத்தில் அவன் மவுண்ட் நாற்பது டிகிரிக்கு நிமிர்ந்து, விமானத்தைச் சுடுகிற பீரங்கிபோல் நிற்கிறது. நம்முடையது ஊரின் அட்சரேகைப்படி பன்னிரண்டரை டிகிரி, ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது, எதிர்ப்பக்கம் தொங்குகிற எடைக் குண்டு ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கிறது. வடக்கே துருவ நட்சத்திரத்தைக் குறிவை என்கிறான் அவன், இங்கே அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தரையை ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. மாடியின் கிழக்கு மூலைக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, திசைகாட்டியை வைத்து, தொட்டியின் விளிம்பை ஒட்டி ஒரு மாதிரி வடக்கைப் பிடித்தாயிற்று. ஏலகிரி மலை கறுத்துக்கொண்டு வந்தது. கீழே யார்டில் ஒரு சரக்கு வண்டி இழுபட்டு, பெட்டி பெட்டியாக அதிர்ந்து அடங்கியது. சத்தத்தை வைத்தே அது எத்தனையாவது தண்டவாளத்தில் என்று சொல்லிவிடுவார், காதுக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பெட்டியின் சிவப்பு எழுத்து அடுத்த கேள்வியைக் கேட்டது. தேதி, போட்டார். நேரம், ரயில்வே நேரம், நொடி சுத்தமாகப் போட்டார், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பகல் வெளிச்சச் சேமிப்பு உண்டா இல்லையா? சூரியன்தான் இறங்கிவிட்டதே, சேமித்தால் நல்லதுதானே, பேட்டரி சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று உண்டு என்பதை அமுக்கினார். முதல் நட்சத்திரம் எது வேண்டும் என்றது. சிரியஸ் என்றார். எது எப்படியிருந்தாலும் சிரியஸ் தெரியும். நட்சத்திரங்களிலேயே பெரிய வெளிச்சம் அதுதான், அதைப் பார்க்காமல் விடுவதற்கு ஒருத்தன் குருடனாக இருக்க வேண்டும்.

மோட்டார் முனகிக்கொண்டே குழாயைத் திருப்பியது. திருப்பி, சிரியஸுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, சரியாக வந்துவிட்டேன் என்பதுபோல் ஒரு கீச்சுக் குரல் கொடுத்து நின்றது. தணிகாசலம் குழாய் பார்க்கிற திக்கையே உற்றுப் பார்த்தார். அங்கே வெறும் ஆகாயம்தானா, அல்லது அங்கே ஒன்று இருந்து எனக்குத்தான் தெரியவில்லையா? பைத்தியக்காரத்தனமான யோசனை, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், சிரியஸ் அதோ ஜம்மென்று இருக்கிறது, குழாய் வேறு எங்கோ பார்க்கிறது, இதில் என்ன சந்தேகம்? ஆனாலும் சந்தேகம் வந்தது, கொஞ்ச நாளாக எது எடுத்தாலும் முதலில் அதுதான் வருகிறது. கையேட்டைச் சிவப்பு டார்ச்சில் புரட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்தார். குளிர் தேசங்களில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வார்களாம், அதைத்தான் அது கேட்டிருக்கிறது, அவர் உண்டு என்று சொன்னதால் ஜோலார்பேட்டையில் மணி ஒன்று குறைவு என்று நம்பிவிட்டது. அட மடையா என்று தன்னைத் திட்டிக்கொண்டபோது அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தப்புப் பதில் சொன்னோம், யந்திரம் தப்பாகப் போயிற்று. எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். இல்லை என்று மாற்றிப் போட்டார். குழாய் திரும்பவும் முனகி, நகர்ந்து, நேராக சிரியஸைப் பார்த்து நின்றது. மேலே ஒட்டியிருந்த சின்னக் குழாயில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் குறிபார்த்து, அம்புப் பொத்தானால் கொஞ்சம் நெருக்கிவிட்டார். இனிப் பெரிய குழாயின் கண்ணாடி. அதில் ஒற்றைக் கண்ணைத்தான் வைக்க முடியும்.

வலது கண்ணை வைத்தார். என்றைக்கும் வலதுதான் அவருக்கு ராஜா, இடது வெறும் மாப்பிள்ளைத் தோழன், கூட நின்று தலையாட்டுவதோடு சரி. கறுப்பு வட்டம், அதில் மெல்லிய சிவப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. கோடுகள் சேருகிற இடத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. கோடுகள்கூட நடுவில் சேரவில்லை, நாலு பக்கமிருந்தும் வந்து ஏதோ ஒரு சாம்பல் பூச்சில் கரைந்து போயின. பார்வையை ஓரத்துக்குக் கொண்டுபோனதும் நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை வெட்டு வெட்டிற்று. உடனே நடுவைப் பார்த்தார், போய்விட்டது. ஓரத்தைப் பார்த்தார், வந்தது. கையேட்டில் இது இருக்கிறதே, அவருக்கு மனப்பாடமாக இருந்த பக்கமே அதுதானே, மங்கலான பொருளை நேராகப் பார்க்காதே, கொஞ்சம் பக்கத்தில் பார், அப்போதுதான் தெரியும், வானம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினார்! ஊர் உலகத்துக்கே இப்படித்தான் என்றால் நமக்கு மட்டும் என்ன? நவம்பரில் ஒரு நாள் சவரம் செய்யும்போது இடது கண்ணில் சோப்புப் பட்டு அதை மூடிக்கொண்டார். கண்ணாடியில் காது இருந்தது, தாடை இருந்தது, நுரை இருந்தது, மூக்கு மட்டும் இல்லை. மூக்கு இருந்த இடத்தில் குளியலறைச் சுவரின் நிறம். இடது கண்ணைத் திறந்ததும் மூக்கு வந்துவிட்டது. சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் சிரித்துக்கொண்டே ரேஸரைக் கீழே வைத்தவர் மீதிச் சவரத்தை முடிக்கவில்லை. அந்த வாரமே இந்தத் தொலைநோக்கிக்குச் சொல்லி அனுப்பினார். ஏன் என்று புனிதவல்லியும் மகள் யாழினியும் கேட்டதற்கு, எத்தனை வருஷமாக ராத்திரி வண்டியில் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன், அதையெல்லாம் படம் எடுக்க ஆசை என்றார். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் பெட்டி வந்து இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்திருக்காது.

நடுவில் இல்லை, சரி, அப்படியானால் யந்திரம் ஓரமாகத்தான் நிறுத்தியிருக்கிறது என்று முடிவு கட்டி அம்புப் பொத்தானை அமுக்கினார், நட்சத்திரம் நகர்ந்து இடதுபக்கமாக வந்து, நடுவைப் பார்க்கும்போதே தெரிகிற ஓர் இடத்தில் நின்றது. இதுதான் என்று பொத்தானை அமுக்கிவிட்டார். கண் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் இருக்கிறது, வேறு எதை நம்புவது? எஞ்சினிலும் இதே வித்தையைத்தான் நாலு மாதமாகச் செய்கிறார், சிக்னல் கம்பத்தைப் பார்க்காமல் அதன் பக்கத்தில் இருக்கிற மரத்தைப் பார்ப்பார், அப்போது கம்பத்தில் விளக்கு வந்துவிடும். எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் வண்டியை ஓட்டுகிற லோகோ பைலட் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அசிஸ்டன்டும் தன் கண்ணால் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் குரல்தான் முதலில் எழும். அசிஸ்டன்டுகள் விரும்பிக் கேட்டு அவரோடு வருவார்கள். நவம்பரிலிருந்து அசிஸ்டன்ட் நஸ்ரின் சொன்ன பிறகுதான் அவர் சொன்னார். வாணியம்பாடிப் பெண், முப்பத்திமூன்று வயது, ஒன்பது வருஷமாக அசிஸ்டன்ட், சத்தம் போட்டுப் பேசாதவள். அவள் "கிரீன்" என்றால் இவர் "கிரீன்" என்பார், மலையில் கத்தினால் எதிரொலி வருகிறதே, அந்த மாதிரி. அவளுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டிப் போயிற்று என்று நினைத்ததாம்.

இரண்டாவது நட்சத்திரம் வடக்கே உயரத்தில் கேபெல்லா. குழாய் தானே திரும்பிப் போயிற்று. அதிலும் நடுவில் ஒன்றுமில்லை, இந்தத் தடவை வலதுபக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார், அமுக்கினார். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பொருந்தவில்லை, மறுபடி முதலிலிருந்து செய் என்று எழுத்தை ஓடவிட்டது. அவருக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. எங்கோ இருந்துகொண்டு எவனோ செய்த டப்பா, நாற்பது டிகிரிக்குச் செய்தது, இங்கே எப்படி வேலை செய்யும்? குண்டு காலில் இடிக்கிறது, வடக்கு தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, கரண்டு வேறு ஏறி இறங்குகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவருக்குள்ளேயே யாரோ சொன்னது கேட்டது. மறுபடி சிரியஸ் என்றார். அது போயிற்று, நின்றது, கீச்சென்றது. மறுபடி கண்ணை வைத்தார், மறுபடி நடுவில் சாம்பல். மங்கலானதை ஓரமாகப் பார் என்றுதானே எழுதியிருக்கிறான். மங்கலானதை. தணிகாசலம் கண்ணை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். சிரியஸ் மங்கலானதில்லை. ராத்திரி ஆகாயத்தில் அதைவிட வெளிச்சமான நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லித்தானே அதைத் தேர்ந்தெடுத்தோம்? அதை நேராகப் பார்த்தால் கூச வேண்டும். ஓரமாகப் பார்க்கிற வித்தை அதற்கு எதற்கு?

அந்த இடத்துக்கு வந்ததும் மனசு, வழக்கம்போல, சாமல்பட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அது அங்கேதான் போகிறது, துணி ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரே இடத்தில் கிழிகிறது. ஜனவரி, விடிகிற நேரம், ரயில் பாதையை ஒட்டிப் பனி. அந்த இடத்தில் அந்த வண்டிக்கு எப்போதும் டபுள் எல்லோதான் கிடைக்கும், இரண்டு மஞ்சள் விளக்கு, கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் போதும். மரத்தைப் பார்த்தார், பக்கத்தில் மஞ்சளாக ஒரு கசிவு தெரிந்தது, "டபுள் எல்லோ" என்று அன்றைக்கு அவர் முந்திக்கொண்டார், பழைய தணிகாசலமாக ஒரு தடவை இருந்து காட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. கண் சொன்னதில்லை அது, பழக்கம் சொன்னது. நஸ்ரின் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டாள். "சிங்கிள் எல்லோ சார்! சிங்கிள்! சிங்கிள்!" ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு. கை தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. சிவப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது, அந்தச் சிவப்புக்கு அப்பால் பனிக்குள் ஒரு சரக்கு வண்டியின் வால் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தப்பு நடக்கவில்லை, அதனால் எங்கேயும் பதிவாகவில்லை. இருபத்திரண்டு பெட்டியில் ஒருத்தர்கூடத் தூக்கம் கலைந்து எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெட்டிகளில் யார் யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் அவர் நினைக்க மாட்டார். ஜோலார்பேட்டையில் இறங்கியதும் நஸ்ரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "சார், ஒரு தடவ கண்ணக் காமிச்சிட்டு வந்துடுங்களேன். சும்மா ஒரு செக்கப்புக்கு" என்றாள். "பனியில யாருக்கும்மா தெரியும்? நீ உன் வேலையப் பாரு" என்றார் இவர், பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. அவள் அவள் வேலையைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் குரல் இன்னும் அரை நொடி முன்னால் வந்தது, இன்னும் தெளிவாக, இரண்டு தடவையாக வந்தது. தன் கண்ணைக் கழற்றி ஒருத்தி ஒவ்வொரு சிக்னலுக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதை வாங்கிக்கொண்டு அவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அவளுக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது வெட்கம் போய்ப் பயம் வந்தது.

படியேறுகிற செருப்புச் சத்தம் கேட்டது. புனிதவல்லி காய்ந்த துணி எடுக்க வந்திருந்தாள். "இன்னாங்க, ஒங்க பீரங்கி வேல செய்யுதா, இல்ல திருப்பி அனுப்பறதா?" என்றாள் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டே. இவளைக் கேட்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள், அந்தக் கொஞ்ச நாளில் இது தானாகச் சரியாகிவிடலாம், சிலருக்கு ஆகிறதாம், போனில் படித்திருக்கிறார். எஞ்சினைவிட்டு இறக்கிவிட்டால் என்ன கொடுப்பார்கள்? ஒரு மேஜை கொடுப்பார்கள். கேசவமூர்த்திக்குச் சர்க்கரை ஏறிக் கண் போனபோது கொடுத்த மாதிரி, வாக்கிடாக்கியை எண்ணி எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கிற மேஜை. மெயில் ஓட்டிய கேசவமூர்த்தி அது, ஹாரன் அடிக்கிற தினுசை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம், இன்றைக்கு அவனைப் பார்க்கிறவர்கள் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இருந்தாலும் வாய் தானாக, "புனிதா, இங்க வந்து ஒரு நிமிஷம் இதுல பாரு" என்றது. "நட்சத்திரம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு மட்டும் சொல்லு. நல்லாப் பாத்துச் சொல்லு." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் கண்ணை வைக்கத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறி, அவள் குனிந்தாள். "யம்மா, எவ்ளோ பெரிசு!" என்றாள். "பக்கம் இன்னா பக்கம்? நடுவுலதாங்க இருக்குது. அந்தக் கோடு ரெண்டும் சேர்ற எடத்துல குந்தவெச்சாப்பல இருக்குது. ஏன், ஒங்களுக்குத் தெரியலியா?" தணிகாசலம் அவளை மெல்ல விலக்கிவிட்டுத் திரும்பவும் வலது கண்ணை வைத்தார். சாம்பல். அவள் சொன்ன இடம் முழுக்கச் சாம்பல். யந்திரம் முதலிலிருந்தே சரியாகத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நடுவில் இருந்த நட்சத்திரத்தை அவர்தான் கைப்பட எடுத்து ஓரத்தில் தள்ளிவிட்டு, இதுதான் நடு என்று சத்தியம் செய்திருக்கிறார்.

குழாயின் மோட்டார் மட்டும் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. புனிதவல்லியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. போனை எடுத்தார். லாபியின் எண்ணுக்கு விரல் தானாகப் போயிற்று. டியூட்டியில் யாரோ புதிய ஆள், பழக்கமில்லாத குரல், "லாபி, சொல்லுங்க சார்" என்றான். "தணிகாசலம் பேசறேன், மெயில் லோகோ பைலட். நாளைக்கு அஞ்சு பத்துக்கு என் டியூட்டி. வேற ஆளப் போட்டுக்கங்க." "ஒடம்பு சரியில்லியா சார்? ஜுரம்னு எழுதிக்கவா?" எவ்வளவு சுலபமாகக் கதவைத் திறந்து வைக்கிறான்! ஜுரம் என்றால் மூன்று நாள், திரும்பி வந்து மறுபடி மரத்தைப் பார்க்கலாம், நஸ்ரின் மறுபடி கத்துவாள். "ஜுரமில்லப்பா. கண்ணு. வலது கண்ணுல நடுவுல தெரியல. மெடிக்கலுக்கு அனுப்பணும்னு எழுதிக்க." அந்தப் பக்கம் பேனா நின்றது. பிறகு, கொஞ்சம் தயங்கி, "எப்பலேர்ந்து சார்?" என்றான். எப்பலேர்ந்து. இன்னிக்கி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்த உடனே சொல்லிவிட்டார், எவ்வளவு நேர்மையான மனுஷர் என்று சர்வீஸ் புத்தகத்தோடு மாலையும் போட்டு இறக்கி வைப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, இன்றைக்குத்தானே சிரியஸ் காணாமல் போயிற்று. வாயில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தேவிட்டது. மூக்கில்லாத தன் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் என்ன செய்வார்? "நவம்பர்லேர்ந்து" என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னொரு தடவையும் சொன்னார். "நவம்பர்லேர்ந்துப்பா. நாலு மாசமா. அப்படியே எழுதிக்க." அவன் சரி சார் என்றான், இன்னொரு சரி சார் என்றுவிட்டு வைத்துவிட்டான்.

துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புனிதவல்லி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். விரலால் ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் இருந்தாள். டிசம்பர், ஜனவரி என்று உதடு அசைந்தது. பிறகு அவரைப் பார்க்காமல், "பொங்கலுக்குக் கோயமுத்தூர்லேர்ந்து நானும் யாழினியும் ஒங்க வண்டியிலதானங்க வந்தோம்" என்றாள்.

"ஆமா" என்றார் தணிகாசலம். "எஸ் அஞ்சு. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு."